எட்டு வாரம் பொறுக்க முடியாதா மக்களே?

மதுரையில இருக்குற என் காலேஜ் நண்பன் வீட்டு நாய் அஞ்சு குட்டி போட்டிருக்கு. "மாப்ள, இருபத்தஞ்சு நாளாச்சு. கண்ணு முழிச்சு நடக்க ஆரம்பிச்சிருச்சு. நாலு பேரு கேட்டு வச்சிருக்காங்க, கொடுத்துரவா?"ன்னு மெசேஜ் போட்டிருந்தான். "கொடுக்காதடா"ன்னு ஒத்தை வார்த்தையில பதில் அனுப்பினேன். "ஏன்?"னு கேட்டான். அந்த "ஏன்"க்கு பதில் எழுத ஆரம்பிச்சு அது அனுமார் வால் மாதிரி நீண்டுடுச்சு. சரி, அவன் ஒருத்தனுக்கு மட்டும் எதுக்கு, எல்லாருக்குமே சொல்லிடலாம்னு இங்க கொண்டு வந்துட்டேன்.

முதல்லயே ஒண்ணு தெளிவு பண்ணிடுறேன். நான் கால்நடை டாக்டர் இல்லீங்க. ஆக்லாந்துல உணவுத் தொழில்நுட்பத்துல மாஸ்டர்ஸ் பண்ணிக்கிட்டு இருக்குற சாதா மாணவன். ஆனா நான் வாடகைக்கு இருக்குற மவுண்ட் ராஸ்கில் வீட்டோட உரிமையாளர் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. கைவிடப்பட்ட நாய்களைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுல வச்சுப் பாத்துக்குற வேலையை அவங்க பல வருஷமா செஞ்சுட்டு வர்றாங்க. 2025 ஜூலையில நிறைமாசமா ஒரு பெட்டை நாய் அவங்க வீட்டுக்கு வந்துச்சு. தெற்கு ஆக்லாந்துல தெருவுல சுத்திக்கிட்டு இருந்த நாய். வந்த நாலாம் நாள் ஆறு குட்டி. தீசிஸ் எழுதுறேன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்குற ஆள் வீட்டுல நான்தான். அதனால நைட் ட்யூட்டி தானா நம்ம தலையில விழுந்துச்சு :-)

அந்த எட்டு வாரத்துல பார்த்தது, டாக்டர்கிட்ட கேட்டது, அப்புறம் படிப்பை விட்டுட்டுப் படிச்சது, எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு உறுதியான கருத்தை உண்டாக்கிருச்சு. அது இதுதான்: குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து பிரிக்கக் கூடாது. அந்த எட்டு வாரத்தை முழுசா கொடுக்க முடியாதவங்க தங்கள் நாயைக் குட்டி போட விடவே கூடாது. அவ்வளவுதான். மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்.

முதல் மூணு வாரம்: நம்ம வேலை கொஞ்சம்தான், ஆனா கஷ்டம்

பொறந்த குட்டியை நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும். அது நாய் மாதிரியே இருக்காது, பெருச்சாளி மாதிரி இருக்கும். கண்ணும் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். கண் திறக்க பத்துல இருந்து பதினாலு நாள் ஆகும், காது அதுக்கும் கொஞ்சம் பின்னாடி. முகர்ந்துதான் முலையைக் கண்டுபிடிக்கும். ஒண்ணுக்கு ரெண்டுக்குக் கூட தானா போகத் தெரியாது. தாய் நக்கி விட்டாத்தான் போகும். இது கிட்டத்தட்ட மூணு வாரம் வரைக்கும். தாய் அந்தக் கழிவையும் நக்கித் தின்னுடும். அருவருப்பா இருக்கேன்னு முகம் சுளிக்காதீங்க, பெட்டி சுத்தமா இருக்குறதே அதனாலதான்.

இதையெல்லாம் விட முக்கியமானது சூடு. முதல் வாரத்துல குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. நமக்குக் குளிரினா நடுங்குறோமே, அந்த நடுக்கம் கூட அப்ப அதுக்குக் கிடையாது. தாயோட வயிறும் கூடப் பொறந்தவங்களோட உடம்பும்தான் அதுக்குப் போர்வை. பெட்டிக்குள்ள முதல் வாரம் சுமார் 30 டிகிரி சூடு வேணும். அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம்.

மதுரைக்காரனுக்கு 30 டிகிரி ஒரு விஷயமே இல்ல, ஃபேனைப் போடாம இருந்தாலே போதும். ஆனா ஆக்லாந்து ஜூலை மாசம் நடுக்குளிர்காலம். இங்க நிறைய பழைய வீடுங்க மரவீடு, ஜன்னல்ல ஒத்தைக் கண்ணாடி, சுவரெல்லாம் ஈரம். வாடகை வீட்டுல ஹால் 18 டிகிரிக்காவது வர்ற மாதிரி ஹீட்டர் இருக்கணும்னு 2019ல சட்டம் போட்டுத்தான் வழிக்குக் கொண்டு வந்தாங்க. மனுஷனுக்கே 18, குட்டிக்கு 30. அப்ப என்ன பண்றது? ரூம் முழுக்க 30 ஆக்கினா தாய் நாய் மூச்சிரைச்சுட்டுப் பெட்டியை விட்டு எழுந்து போயிடும். அதனால பெட்டியோட ஒரு மூலையில மட்டும் ஹீட்டிங் பேட், அதுக்கு மேல தடிமனா துணி. வேணுங்குற குட்டி அங்க ஊர்ந்து போய்ப் படுத்துக்கும், சூடு அதிகமானா நகர்ந்து வந்துடும். எல்லாம் ஒரே குவியலா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்தா குளிருதுன்னு அர்த்தம். ஆளுக்கொரு மூலையா விலகிக் கிடந்தா சூடு அதிகம்னு அர்த்தம். தெர்மாமீட்டரே வேண்டாம், குட்டிகளே சொல்லிடும்.

அடுத்தது தராசு. சமையல்கட்டுல மாவு நிறுக்குற சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்குல்ல, அதுதான். தினமும் ஒரே நேரத்துல ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து நோட்டுல எழுதணும். ஆரோக்கியமான குட்டி தினமும் எடை கூடும். பத்து நாள் வாக்குல பொறந்த எடையைப் போல ரெண்டு மடங்கு ஆகியிருக்கணும். ஒரு நாள் ஏறலைன்னா உஷார். இறங்குச்சுன்னா அன்னிக்கே டாக்டர்.

எங்க ஆறுல கடைசியாப் பொறந்த ஒரு சின்னக் குட்டி 210 கிராம்தான் இருந்துச்சு. மத்ததெல்லாம் முந்நூறைத் தாண்டின ஆளுங்க. மூணாம் நாள் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, முலையில வாயை வச்சுக்கிட்டுதான் கிடந்துச்சு. ஆனா தராசு 204ன்னு சொல்லுச்சு. வாய் வச்சிருக்கே தவிர குடிக்கலைன்னு தராசு சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட ஓடினோம். நாய்க்குட்டிக்குன்னே இருக்குற பால் பவுடரைக் கரைச்சு ராத்திரி பகல்னு பாக்காம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தோம். ஆறாம் நாள் விடியக்காலையில போயிடுச்சு. "சிலதுகள் நிக்காது தம்பி. அதுக்கெண்டு மற்ற அஞ்சையும் நிறுக்காம விடாதேங்கோ"ன்னு சொல்லிட்டு ஆன்ட்டி நோட்டை என் கையில கொடுத்தாங்க. அன்னிக்கும் மத்த அஞ்சையும் நிறுத்தேன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, "நாய்க்குப் பிரசவம் பார்க்கணுமா என்ன, அதுவா போடும், அதுவா வளரும்"னு ஒரு பேச்சு நம்ம ஊர்ல உண்டு. தெருவுல அப்படித்தான் நடக்குது, வாஸ்தவம். ஆனா தெருவுல போடுற குட்டியில எத்தனை பெரிசாகுதுன்னு யாராவது எண்ணிப் பார்த்திருக்கோமா? மாடிப்படிக்குக் கீழ கோணிச்சாக்குல ஆறு இருந்துச்சு, அடுத்த மாசம் ரெண்டு சுத்திக்கிட்டு இருக்குன்னா, மிச்சம் நாலு எங்க போச்சுன்னு நாம கேக்குறதே இல்ல.

பால் ஊத்துறது

இதைத் தனித் தலைப்பாவே போடுறேன், ஏன்னா நல்ல மனசு இருக்குறவங்கதான் இதுல மாட்டுறாங்க. தாயில்லாத குட்டியைப் பார்த்தா நாம செய்யுற முதல் காரியம் என்ன? ஆவின் பாக்கெட்டை வெட்டி ஒரு கிண்ணத்துல ஊத்துவோம். இல்லைன்னா செர்லாக். நம்ம ஊர்ல "பால் ஊத்துறது"ன்னா இன்னொரு அர்த்தம் உண்டுல்ல, பல சமயம் அதுதாங்க நடக்குது.

நம்ம சப்ஜெக்ட் உணவுங்குறதால கொஞ்சம் விளக்குறேன். நாய்ப்பால்ல புரதமும் கொழுப்பும் பசும்பால்ல இருக்குறதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. லாக்டோஸ்ங்குற பால் சர்க்கரையோ பசும்பால்லதான் அதிகம். அதாவது குட்டிக்கு வேண்டியது கம்மி, வேண்டாதது ஜாஸ்தி. விளைவு, பேதி. இருநூறு முந்நூறு கிராம் உயிருக்குப் பேதின்னா ஒரு நாள் போதும்.

அதை விட மோசம், குளிர்ந்து போன குட்டிக்குப் பால் கொடுக்குறது. உடம்பு குளிர்ந்திருந்தா குடல் வேலை செய்யாது. உள்ள போன பால் செரிக்காம அப்படியே கிடந்து ஆளைக் கொன்னுடும். முதல்ல சூடு, அப்புறம்தான் பால். நம்ம சட்டைக்குள்ள மார்போட வச்சுக்கிட்டு மெதுவா சூடாக்கணும். அப்புறம் குழந்தைக்குக் கொடுக்குற மாதிரி மல்லாக்க வச்சுப் பால் கொடுக்காதீங்க, நேரா நுரையீரலுக்குப் போயிடும். குப்புறப் படுக்க வச்சு, தலையை லேசா தூக்கி, தாய்கிட்ட குடிக்கிற மாதிரியே கொடுக்கணும். குடிச்சப்புறம் வெதுவெதுப்பான ஈரத்துணியால அடியில துடைச்சு விடணும், அது தாய் நக்குறதுக்குப் பதிலா.

தாய் இருக்குற வீடா இருந்தா இதுல முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. பொறந்த முதல் நாளே சீம்பால் குடிக்குதான்னு பாருங்க. அதுல வர்ற நோய் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியோட குடல் முதல் ஒரு நாள்தான் உள்ள வாங்கும், அப்புறம் கதவு சாத்திடும். மத்தபடி தாய்க்கு நல்ல சாப்பாடு போடுங்க. பால் கொடுக்குற நாய் வழக்கத்தைப் போல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு கூட தின்னும். தயிர்சாதம் போட்டுட்டு ஆறு குட்டிக்குப் பால் எதிர்பார்க்காதீங்க. ரெண்டு மூணு வாரத்துல தாய் திடீர்னு உடம்பெல்லாம் நடுங்கி, நிலைகொள்ளாம, கால் விறைச்சா அது சுண்ணாம்புச்சத்து குறைஞ்சு வர்ற ஆபத்து. மாடுகளுக்கு வருமே பால் காய்ச்சல், அதோட சொந்தக்காரன். விடியட்டும்னு காத்திருக்காம உடனே மாட்டாஸ்பத்திரி.

பூச்சி மருந்தும் மறக்கக் கூடாது. நாய்க்கு வர்ற உருண்டைப்புழு தாயோட வயித்துல இருக்கும்போதே குட்டிக்குள்ள போயிடும். அதனால ரெண்டாவது வாரத்துல இருந்தே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுப்பாங்க. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா இது இன்னும் முக்கியம், அந்தப் புழு மனுஷனையும் பிடிக்கும். எந்த மருந்து, எத்தனை சொட்டுங்குறதை டாக்டரைக் கேட்டுக்கோங்க, என்னைக் கேட்காதீங்க.

மூணுல இருந்து எட்டு வாரம்: நாய் நாயாகுற காலம்

இப்பதான் என் நண்பனோட கேள்விக்கு வர்றோம். இருபத்தஞ்சு நாள்ல குட்டி கண்ணு முழிச்சு, காது கேட்டு, தள்ளாடித் தள்ளாடி நடக்குது. நாம கூழா கரைச்சு வைக்குற சாப்பாட்டையும் நக்க ஆரம்பிக்குது. பார்க்குறவங்க "அதான் சாப்பிடுதே, இனிமே எதுக்குத் தாய்?"னு கேக்குறாங்க. கூடவே ஒரு பழமொழி ரேஞ்சுக்கு இன்னொண்ணும் சொல்வாங்க: "சின்னதுலயே எடுத்துட்டு வந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்."

இந்த வாதத்துல பாதி உண்மை இருக்குங்க, அதனாலதான் இது சாகாம இருக்கு. நாய்க்கு ஒரு வயசு உண்டு, அதுக்குள்ள மனுஷனைப் பழகலைன்னா அப்புறம் பழகவே பழகாது. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஜாக்சன் ஆய்வுக்கூடத்துல இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சாங்க. 1961ல ஃப்ரீட்மன், கிங், எலியட்னு மூணு பேர் வெளியிட்ட ஆய்வுல, வேலி போட்ட மைதானத்துல மனுஷன் பழக்கமே இல்லாம பதினாலு வாரம் வளர்ந்த குட்டிங்க காட்டு மிருகம் மாதிரி ஆகிடுச்சு, அதுக்கப்புறம் பழக்குறது பெரும்பாடா ஆச்சு. அதே ஆய்வுக்கூடத்துல ஸ்காட், ஃபுல்லர் ரெண்டு பேரும் செஞ்ச நீண்ட ஆராய்ச்சி 1965ல புத்தகமா வந்துச்சு. ஏறக்குறைய மூணாவது வாரத்துல ஆரம்பிச்சு பன்னெண்டாவது வாரம் வரைக்கும் இந்த ஜன்னல் திறந்திருக்கும்னு அதுல இருந்துதான் நமக்குத் தெரியும்.

சரி, பன்னெண்டு வாரம் வரைக்கும் திறந்திருக்குற ஜன்னலுக்கு நாலாவது வாரமே ஏன் குதிக்கணும்? எட்டாவது வாரம் வாங்கினாலும் இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கே! அதுவும் போக, மனுஷன் பழக்கத்தைத் தாய்கிட்ட இருக்கும்போதே கொடுக்கலாம். எங்க வீட்டுல அஞ்சு குட்டியும் அஞ்சாவது வாரத்துக்குள்ள வாக்குவம் கிளீனர் சத்தம், பிரஷர் குக்கர் விசில், எதிர்வீட்டுப் பசங்க, குடை, ஆன்ட்டியோட தேவாரம் எல்லாத்துக்கும் பழகிடுச்சுங்க. ஆன்ட்டி பாட ஆரம்பிச்சா தூங்கவே ஆரம்பிச்சுடும் :-)

ஆனா நாம கத்துக்கொடுக்கவே முடியாத பாடம் ஒண்ணு இருக்கு. எவ்வளவு கடிச்சா வலிக்கும்ங்குற பாடம். ஊசி மாதிரி பால்பல் முளைச்சதும் குட்டிங்க ஒண்ணை ஒண்ணு கடிச்சு விளையாடும். அழுத்திக் கடிச்சா கடி வாங்கினது "கீய்ங்"னு கத்திட்டு விளையாட்டை விட்டுட்டுப் போயிடும். தாய்கிட்ட பல்லை வச்சா தாய் உறுமும், எழுந்து போயிடும். ஒரு நாளைக்கு இப்படி நூறு தடவை. விளையாட்டு வேணும்னா வாயை அடக்கணும்னு அதுவா புரிஞ்சுக்கும். இது அஞ்சுல இருந்து எட்டாவது வாரம் வரைக்கும் நடக்குற பள்ளிக்கூடம். இருபத்தஞ்சு நாள்ல எடுத்துட்டுப் போன குட்டி அந்தப் பள்ளிக்கூடத்துல சேரவே இல்ல. "எங்க நாய் விளையாட்டுக்குக் கடிக்குது, ஆனா ரத்தம் வருது"ன்னு சொல்றவங்க, அதை எத்தனை நாள் குட்டியா எடுத்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு. 2011ல இத்தாலியில 140 நாய் வளர்க்குறவங்களைக் கேட்டாங்க. பாதி நாய்ங்க 30ல இருந்து 40 நாளுக்குள்ள பிரிக்கப்பட்டது, மீதிப் பாதி ரெண்டு மாசத்துல. சீக்கிரம் பிரிச்ச நாய்ங்ககிட்ட பயம், ஓயாத குரைப்பு, சாப்பாட்டையும் பொம்மையையும் விட்டுக்கொடுக்காத குணம், பொருளைக் கடிச்சு நாசம் பண்றது எல்லாமே அதிகம்னு வந்துச்சு. வளர்க்குறவங்க வாயால சொன்னதை வச்சு எடுத்த கணக்குதான், அதனால வேதவாக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா 30ல இருந்து 40 நாள்ங்குறது நம்ம ஊர் "ஒரு மாசக் குட்டி" கணக்கேதான்ங்குறதைக் கவனிங்க.

"சட்டம் என்ன சொல்லுது?"ன்னு கேக்குறவங்களுக்கு: இங்க ஆக்லாந்துல எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டி தர்றேன்னு யாராவது சொன்னா அந்த ஆளையே சந்தேகமாப் பார்ப்பாங்க. "அது நியூசிலாந்து தம்பி, நம்ம ஊருக்கு ஒத்து வராது"ன்னு ஆரம்பிக்காதீங்க. இந்தியாவுல 2017ல வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை பத்தின விதிகள்லயும் எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கக் கூடாதுன்னு இருக்கு. அது வளர்த்து விக்குறவங்களுக்கான விதி, பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்குற உங்களைப் பிடிக்காதுங்குறது சரிதான். ஆனா குட்டியோட மூளைக்கு அது விலைக்குப் போச்சா, ஓசியில போச்சான்னு தெரியாதுல்ல?

குட்டி அழகு, நாய் பாரம்

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். நியூசிலாந்துன்னா நாய்களுக்குச் சொர்க்கம்னு நான் வர்றதுக்கு முன்னாடி நினைச்சிருந்தேன். கடற்கரையில நாய், கார் ஜன்னல்ல நாய், நாய்க்குத் தனிப் பூங்கான்னு வெளியில இருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். சட்டமும் பக்கா. மூணு மாசம் ஆன எல்லா நாயையும் கவுன்சில்ல பதிவு பண்ணணும், இல்லைன்னா 300 டாலர் அபராதம். 2006 ஜூலையில இருந்து புதுசா பதிவு பண்ற நாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம், பண்ணை வேலை நாய்களுக்கு மட்டும் விலக்கு. நகர்ப்புற வீட்டுல ரெண்டு நாய்க்கு மேல வச்சுக்க ஆக்லாந்து கவுன்சில்கிட்ட தனி லைசென்ஸ் வாங்கணும்.

இவ்வளவும் இருந்தும், 2025 ஜூன்ல முடிஞ்ச ஒரே வருஷத்துல ஆக்லாந்து கவுன்சில் பிடிச்சு அடைச்ச நாய்ங்க பத்தாயிரத்துக்கும் மேல. அதுல பாதிக்கும் மேல ஊசி போட்டுக் கொல்லப்பட்டுச்சு. அரிசோனாவோ டில்லியோ இல்லீங்க, ஆக்லாந்து. ஹென்டர்சன், மனுக்காவ், சில்வர்டேல்னு மூணு இடத்துல காப்பகம் இருந்தும் இடம் பத்தல.

இந்த நாய்ங்க எல்லாம் ஒரு காலத்துல எட்டு வாரமோ நாலு வாரமோ ஆன அழகுக் குட்டிங்கதானே? கோவிட் சமயத்துல வீட்டுல அடைஞ்சு கிடந்தப்போ ஆசையா வாங்கினவங்க, ஆபரேஷன் பண்ணிக்காம விட்டவங்க, அந்த நாய் போட்ட குட்டியை "ஃப்ரீ டு குட் ஹோம்"னு ஃபேஸ்புக்ல அஞ்சாவது வாரமே தள்ளிவிட்டவங்க, இப்படித்தான் அது சங்கிலியாப் போகுது. சின்ன வயசுலயே பிரிச்சு, பயந்து, கடிக்குற நாயா வளர்ந்தா அதை அடுத்து யார் எடுப்பாங்க? காப்பகத்துல "இதைத் தத்து கொடுக்கலாமா, வேண்டாமா"ன்னு முடிவு பண்றது அதோட குணத்தைப் பார்த்துத்தான். அந்த முடிவுல ஒரு பங்கு, அது முதல் எட்டு வாரம் எப்படி இருந்துச்சுங்குறதைப் பொறுத்தது. நாலு வாரம் பொறுமையில்லாம நாம எடுக்குற முடிவுக்கு, ரெண்டு வருஷம் கழிச்சு நாய் விலை கொடுக்குது.

நம்ம ஊர்ல கதை வேற வடிவம். நாலு பேர் கேட்டு வச்சிருக்காங்கன்னு நண்பன் சொன்னானே, நாலு பேருமே கடுவன் குட்டிதான் கேட்டிருப்பாங்க. பெட்டைக் குட்டி யாருக்கும் வேண்டாம், ஏன்னா அது குட்டி போடும். கடைசியில மிஞ்சுற பெட்டைகளை மார்க்கெட் ஓரத்துலயோ கோயில் வாசல்லயோ "எப்படியாவது பொழைச்சுக்கும்"னு விட்டுட்டு வர்றது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். அந்தப் பெட்டை பொழைச்சா அடுத்த வருஷம் அதுவும் ஆறு போடும். அப்புறம் "தெரு நாய்த் தொல்லை"ன்னு நாமளே மனு கொடுப்போம். 2025 ஆகஸ்ட் 11ம் தேதி உச்ச நீதிமன்றம் டில்லி தெரு நாய்களை எல்லாம் பிடிச்சு அடைக்கச் சொல்லுச்சு. 22ம் தேதியே அதை மாத்தி, கருத்தடை பண்ணி ஊசி போட்டுப் பிடிச்ச இடத்துலயே விடச் சொல்லுச்சு, வெறி பிடிச்சதும் மூர்க்கமானதும் தவிர. நாடே ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. அந்தச் சண்டையில, இந்த நாய்ங்க எந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருந்து கிளம்புச்சுன்னு கேட்டவங்க ரொம்பக் கம்மி.

"ஒரு ஈடாவது போடட்டுமே"

கடைசியா ஒரு வாதம். இது மதுரையிலயும் கேட்டிருக்கேன், ஆக்லாந்துலயும் கேட்டிருக்கேன்: "பெட்டை நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது. தாய்மையை அனுபவிக்க விடாம ஆபரேஷன் பண்றது பாவம்."

உடம்புக்கு நல்லதுங்குறதுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. நேர்மாறா, ஆபரேஷன் பண்ணின பெட்டைக்குக் கர்ப்பப்பையில சீழ் பிடிக்குற நோய் வர வழியில்ல. சின்ன வயசுலயே பண்ணினா மடிக்கட்டி வர்ற வாய்ப்பும் குறையுது. எந்த வயசுல பண்றதுங்குறது நாயோட அளவையும் இனத்தையும் பொறுத்தது, அதை டாக்டர் சொல்வார். தாய்மையைப் பத்தி என்ன சொல்றது? எங்க வீட்டுக்கு வந்த நாய் அருமையான தாய்தான், சந்தேகமே இல்ல. ஆனா அது வந்தப்போ விலா எலும்பை எண்ணலாம். அந்த உடம்போட ஆறு உயிரைச் சுமந்துச்சு. அதை "அனுபவம்"னு நாமதான் பேர் வைக்குறோம், அது வைக்கல.

இந்த விஷயத்துல ஊர் உலகத்துக்கே முன்னோடி நம்ம சென்னைங்குறதைச் சொல்லாம விட முடியாது. தெரு நாயைக் கொல்லாம கருத்தடை பண்ணி விடுற வேலையைச் சென்னை ப்ளூ கிராஸ் 1964லயே ஆரம்பிச்சுருச்சு. சென்னை மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டுக் கொல்றதை நிறுத்தினது 1996ல. இங்க ஆக்லாந்துல எஸ்.பி.சி.ஏ. இப்ப இலவசக் கருத்தடை முகாம் நடத்துது. பணம் இல்லைங்குற காரணத்தை ரெண்டு ஊர்லயும் ஓரளவுக்கு எடுத்தாச்சு. மிச்சம் இருக்குறது நம்ம மனசுதான்.

ஆக, குட்டி ஏற்கனவே பொறந்துடுச்சா? எட்டு வாரம் வச்சுக்கோங்க. இடம் இல்லை, நேரம் இல்லைன்னா இப்பவே ஒரு காப்பகத்துக்கிட்டப் பேசி தாயையும் குட்டிகளையும் சேர்த்தே கொடுங்க, தனித்தனியா பிய்க்காதீங்க. ஆறுல இருந்து எட்டாவது வாரத்துக்குள்ள முதல் ஊசி போட்டுடுங்க, பார்வோ வந்தா பாதி ஈடே போயிடும். நம்ம ஊர்ல இருக்குறவங்க மூணாவது மாசம் ரேபிஸ் ஊசியையும் மறக்காதீங்க. நியூசிலாந்துல ரேபிஸ் கிடையாது, அந்த அதிர்ஷ்டம் நமக்கு இல்ல. குட்டி பிரிஞ்ச கையோட தாய்க்கு எப்ப ஆபரேஷன்னு டாக்டர்கிட்ட தேதி வாங்கிடுங்க.

குட்டி வாங்கப் போறீங்களா? தாயைக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா திரும்பி வந்துடுங்க. "இப்பவே எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா வேற ஆள் ரெடி"ன்னு சொன்னாலும் திரும்பி வந்துடுங்க. எட்டு வாரம் காத்திருக்க முடியாத ஆளால, பன்னெண்டு பதினாலு வருஷம் வாழப் போற ஒரு உயிரை எப்படிப் பாத்துக்க முடியும்னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்கோங்க.

பி.கு. 1: எங்க அஞ்சும் எட்டாவது வாரம் முடிஞ்சு, ஊசி போட்டு, சிப் வச்சு, ஆளுக்கொரு வீட்டுக்குப் போயாச்சு. தாய் நாய்க்கும் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வயசான தம்பதி எடுத்துக்கிட்டாங்க. அதனால "எனக்கு ஒண்ணு"ன்னு யாரும் கேட்க வேண்டாம், ஸ்டாக் இல்லை :-)

பி.கு. 2: இங்க படிக்க வந்திருக்குற நம்ம பசங்களுக்கு. 2025 டிசம்பர் 1ல இருந்து வாடகை வீட்டுல பிராணி வளர்க்கக் கேட்டா, நியாயமான காரணம் இல்லாம உரிமையாளர் மறுக்க முடியாது. ரெண்டு வார வாடகை வரைக்கும் தனி டெபாசிட் கேட்கலாம். சட்டம் வழி விட்டாச்சுன்னு உடனே குட்டி தேடிக் கிளம்பிடாதீங்க. விசா முடிஞ்சு ஊருக்குக் கிளம்புறப்போ அந்த நாய் யார்கிட்ட இருக்கும்ங்குறதுக்குப் பதில் இருந்தா மட்டும் தேடுங்க.